முல்லை வெள்ளை

கால்வாயில் பால் ஓடுகிறது என்று
காலை ஒன்பது நாற்பதுக்குப் போன்.
சொன்னவர் மெதுவோட்டம் போகிறவர்.
மூச்சிரைப்பை மீறிக் கேட்டது பெருமை.

போத்தோங் பாசிர் பாலத்தடியில் இறங்கினேன்.
பால்தான்.
கான்கிரீட்டின் நடுவே ஒரு முழ அகலத்தில்
பக்கத்துப் பச்சை நீரோடு சேர மனமில்லாமல்
காலாங் ஆற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.
ஓர் உடும்பு நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு
வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

போத்தலில் பிடித்தேன். நேரம் எழுதினேன்.
'மூலம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
மேற்கே வானம் கறுத்திருந்தது.
சுமத்ரா வருகிறது, கைப்பேசி சொன்னது,
இன்னும் ஐம்பது நிமிடம்.

மழையின் முதல் கால் மணி நேரத்தை நம்பக் கூடாது.
அது நம்மைத் துடைத்துக்கொண்டு போகும்:
சாலையின் எண்ணெய், பிரேக் தூள்,
கோப்பிக்கடைப் பின்சந்தில் மீன் கழுவிய நீர்,
சிகரெட் துண்டு, பூனைக்கு வைத்த சோறு.
அதற்குப் பிறகு வருவதுதான் தண்ணீர்.
போகும் இடம் என்னவோ ஒன்றுதான்,
மரினா நீர்த்தேக்கம்.
அங்கிருந்து குழாய்க்கு,
குழாயிலிருந்து நான் ஊறவைக்கும் அரிசிக்கு.

லோங்காங் விளிம்போடு மேலே நடந்தேன்.
கிளை பிரியும் இடத்தில் எல்லாம் குனிந்து
எது வெள்ளை, எது இல்லை.
'அம்மா தண்ணீரின் நிறம் பார்ப்பார்' என்று
மகன் பள்ளியில் எழுதியிருக்கிறான்.
ஆசிரியர் கேள்விக்குறி போட்டிருந்தார்.

வழியில் ஒரு கட்டுமானத் தளம்.
குற்றவாளி கிடைத்த மகிழ்ச்சியில் நுழைந்தேன்.
ரஃபீக்குல் தன் வண்டல் தொட்டியைத் திறந்து காட்டினார்,
நகைப்பெட்டி திறப்பதுபோல.
"எங்கள் அழுக்கு மண் நிறம், மேடம்."

வெள்ளை இன்னும் மேலே போனது.
தோ பாயோ. வீட்டுப் பக்கம்தான்,
மழைக்குள் முடிந்தால் போய்ச் சாப்பிடலாம்.
கார் நிறுத்துமிடம் தாண்டி,
பறவைக் கூண்டுகள் தொங்கும் கம்பங்கள் தாண்டி.
ஒரு கூண்டுக்கு நீலத் துணி. அது எனக்குத் தெரியும்.
இந்தப் புளோக்கின் இரண்டாவது மின்தூக்கியில்
ஏழாம் பொத்தான் அமுங்காது. அதுவும் தெரியும்.

கீழ்த்தளச் சாக்கடை ஓரம் குந்தியிருந்தார் அ செங்,
நேற்று நான் முன்பணம் கொடுத்த பெயின்டர்.
உருளையைப் பிழிய
விரலிடுக்கில் வழிந்தது
மூன்று வாரம் கணவரோடு சண்டை போட்டு
அட்டையில் நான் தேர்ந்தெடுத்த
முல்லை வெள்ளை.

"இங்கேயா கழுவுவது?"
"நீதானே சொன்னாய், சிஸ்,
பாத்ரூமில் ஒரு சொட்டு விழக் கூடாது, புதுத் தரை என்று."
பிறகு, என் சீருடையைப் பார்த்துவிட்டு,
"கொஞ்சம்தான்."

சிறுதுளி பெருவெள்ளம் என்று
சின்ன வயதில் உண்டியலில் ஒட்டியிருந்தது.
காசுக்குச் சொன்னது என்றே நினைத்திருந்தேன்.

ஒன்பது நிமிடம் இருந்தது.
அரிசிப் பையில் மணல் அள்ளித் திணித்து
சாக்கடையை அடைத்தோம்.
அவர் முறத்தால், நான் மகனின் கடற்கரை வாளியால்
மொண்டு மொண்டு டின்னில் ஊற்றினோம்.
மாடியிலிருந்து யாரோ படம் எடுத்தார்கள்.
முதல் துளி என் முதுகில் விழுந்தபோது
டின் முக்கால்வாசி நிறைந்திருந்தது.
மீதி,
எங்கள் கால்களுக்கு நடுவே, பையைத் தாண்டி,
அவசரமில்லாமல் போனது.

தூணோரம் ஒதுங்கி நின்று
போத்தலை எடுத்தேன்.
'மூலம்' கட்டத்தில்
புளோக் எண், மாடி, கதவு எண் எழுதினேன்.
பேனா ஈரத்தில் ஒருமுறை மக்கர் செய்தது,
மறுபடி எழுதினேன்.

"இன்னும் இரண்டு சுவர் இருக்கிறது, சிஸ்," என்றார் அ செங்.
"உருளையை எங்கே கழுவ?"

பாத்ரூமில், என்றேன்.
நன்றாகவே கேட்டிருக்கும்.
மழைச் சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு
இன்னொரு முறை சொல்லவைத்தார்.