நாற்பத்தொரு தாள்கள்

நாரினில் ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது.
மேசைமேல் நாற்பத்தொரு தலைப்புகள்,
நோட்டைக் கிழித்து எழுதியவை.
ஒன்பது வாரத்துக்குள் அடங்கவேண்டும்.

இடுப்பெலும்பின் மேடு பள்ளங்களுக்குப் பதினொரு பெயர்கள்.
நான் மனப்பாடம் செய்த வரிசையிலேயே
பதினெட்டு வருடமாய்ச் சொல்லிக்கொடுத்தேன்.
எனக்கு அவை பிடிக்கும். அதுதான் சிக்கல்.

போன வருடம் முதல் மதிப்பெண் வாங்கிய அய்ஸிரெக்
அத்-பாஷியிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு அழைத்தாள்.
"பிள்ளை அழவில்லை."
அப்புறம் மூச்சுச் சத்தம். அவளுடையது.

அந்தப் பாடத்தை எட்டாவது வாரத்தில் வைத்திருந்தேன்.
எட்டாவது வாரம் பனிப்புயல், கணவாய் மூடி
வகுப்பே நடக்கவில்லை.
ஈரத்தைத் துடை, முதுகைத் தேய், தலையை நேராக்கு என்று
போனில் நான் கத்தியதுதான்
அவளுக்குக் கிடைத்த பாடம்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பல் முளைத்துவிட்டதாம்.
அதில் என் பாடத்திட்டத்தின் சாமர்த்தியம் எதுவுமில்லை.

எட்டாம் வாரத்தை
முதல் நாள் காலைக்கு இழுத்துவருகிறேன்:
துண்டு, ரப்பர் பொம்மை, கடிகாரத்தில் ஒரு நிமிடம்.
இரத்தப்போக்கு அதன் பின்னாலேயே.
எலும்புகள் வரட்டும்,
விரல்கள் தடவித் தேடும் நாளில்;
தேடிய பிறகு பெயர்.

மருத்துவச்சிகளின் வரலாறு, என் செல்லப் பாடம்.
ஜன்னலோரம் ஒதுக்கினேன்.
திரும்ப எடுத்தேன்.
தேநீர் ஆறும்வரை கையில் வைத்திருந்து
மறுபடி ஒதுக்கினேன்.

புரூல்கான் எட்டிப்பார்த்து எண்ணுகிறாள்.
"பத்தொன்பதுதானா? மேலிடத்தில் கேட்பார்களே."

பத்தொன்பதுதான்.
முதல் தாள் மட்டும்
ஒன்பது தடவை வரும்.