மூச்சை நிறுத்துங்கள்

எண்டெல் லீவாக், அறுபத்து மூன்று வயது,
ஓட்டெப்பா மேடுகளில்
பனிச்சறுக்குத் தடம் இழுக்கும் வண்டியோட்டி.
தார்த்து மருத்துவமனைக்கு வந்து சேருமுன்
அவர் கால்களுக்கு மூன்று பெயர் வைத்திருந்தார்கள்.
தேய்ந்த வட்டு என்றார்கள், வட்டைச் செதுக்கினார்கள்.
நரம்பில் வீக்கம் என்றார்கள், ஸ்டீராய்டு ஏற்றினார்கள்,
அன்றிரவே கட்டிலை விட்டு எழ முடியவில்லை.
வயசு என்றார் கடைசி ஆள்.
அதற்கு மருந்து எழுதவில்லை.

மேடேறினால் முழங்காலுக்குக் கீழே மரத்துப்போகும்.
நின்றால் கொஞ்சம் திரும்பி வரும்.
பிரேக்கை மிதித்தோமா இல்லையா என்று
குனிந்து பார்த்துத் தெரிந்துகொள்வாராம்.
சிறுநீரைப் பற்றிக் கேட்டபோது
அவர் விர்வேயைப் பார்த்தார்.
விர்வே சன்னலைப் பார்த்தாள்.

ஸ்கேனில் தண்டுவடம் நனைந்த திரிபோல் வெளுத்திருந்தது.
அதன் முதுகில் கருப்புப் புள்ளிகள்,
சர்க்கரை டப்பாவைக் கண்டுபிடித்துவிட்ட எறும்புகள்.
எங்கோ ஒரு தமனி
நேராகச் சிரைக்குள் கொட்டுகிறது.
நடுவில் நின்று வேகம் தணிக்க
மயிரிழைக் குழாய் ஒன்றும் இல்லை.
வடிய வேண்டிய ரத்தம்
வந்த வழியே தேங்குகிறது.
எங்கே என்பதுதான் தெரியாது.

அங்கே என் வேலை தொடங்கும்.
ஈய அங்கி, இருபது வருடம், ஒரே வாக்கியம்:
மூச்சை இழுங்கள், நிறுத்துங்கள், அசையாதீர்கள்.
தொடை இடுக்கில் நுழைந்த குழாய்
பெருந்தமனிச் சுவரைத் தடவித் தடவி
விலாவுக்கு ஒரு கதவாகத் தட்டிப் பார்க்கும்.
பன்னிரண்டு, வலம். ஒன்றுமில்லை. மூச்சு விடுங்கள்.
பன்னிரண்டு, இடம். ஒன்றுமில்லை.
பதினொன்று. பத்து. என் தேநீர் ஆறிவிட்டது.
ஒன்பது.

எட்டு, இடம்.
திரையில் ஒரு கோடு விழித்துக்கொண்டது.
நெளிந்து நெளிந்து மேலேறியது,
சிரைக்கு இன்னும் நேரமாகாதபோதே
முந்திக்கொண்டு.
யாரும் பேசவில்லை.
நான் மூச்சு விடச் சொல்ல மறந்துபோனேன்.
மேசையிலிருந்து அடைத்த குரல்:
இப்போது விடலாமா?

பசைக் குப்பி தட்டில் தயாராக இருந்தது.
உடைந்த கோப்பையை ஒட்டுகிறோமே, அதற்குப் பங்காளி,
ரத்தம் பட்டதும் கல்லாகும்.
ஆனால் அதே கிளையிலிருந்து
கொண்டை ஊசிபோல் வளைந்து இறங்கியது இன்னொன்று,
தண்டுவடத்தின் முன்பக்கத்துக்குச் சோறு போடுவது.
ஒரு துளி வழி தவறினால் இரண்டு காலும் போகும்.
டாக்டர் ட்ரீனு பூஸ்கார் குப்பியை மூடினார்.
மூன்று மணி நேரம் தேடிக் கண்டதை
தொடாமல் விட்டு வெளியே வந்தோம்.

திங்கட்கிழமை, அறுவை அரங்கு.
எனக்கு அங்கே வேலையில்லை, போய் நின்றேன்.
நுண்ணோக்கியில் அந்தச் சிரை
தமனியின் சிவப்பை இரவல் வாங்கி உடுத்தியிருந்தது.
ஒரு கிளிப், அரிசியைவிடச் சற்றுப் பெரியது.
யாரோ எண்ணத் தொடங்கினார்கள்.
நாற்பதுக்குள் சிவப்பு வடிந்து
சிரை தன் நீலத்துக்குத் திரும்பியது.
ஒன்றரை வருடத் தொல்லை,
நீளம் இவ்வளவுதான்.

ஏப்ரலில் மறு சோதனைக்கு வந்தார்,
ஒரு தடியுடன், பேருந்தில், தனியாக.
இடது பாதம் முழுசாக வீடு திரும்பவில்லை.
சிறுநீர்ப்பை திரும்பவே இல்லை; அதையும் எழுதிக்கொண்டேன்.
பனி உருகிவிட்டது, இழுக்கத் தடமில்லை.
கொட்டகைக்குள் நிற்கும் வண்டியில் ஏறி
பிரேக்கை மிதித்துப் பார்க்கிறாராம்,
குனியாமல்.

மேசையில் படுத்தார்.
நான் வாய் திறக்குமுன்
மார்பு உயர்ந்து நின்றுவிட்டது.
இன்னும் குழாயே போடவில்லை, என்றேன்.
தெரியும் என்பதுபோல் ஒரு விரலை ஆட்டினார்.
மூச்சை விடவில்லை.