கேக்குதா

எட்டு ஐம்பத்திரண்டு.
புதுக் கணினி வந்து மூன்று நாள்,
ஓரங்களில் இன்னும் பிளாஸ்டிக் தாள்.
ஜன்னலுக்கு வெளியே பீல் நகரம் இல்லை,
ஏரி எழுப்பிவிட்ட மூடுபனி மட்டும்.
திரையில் ஒரு வரி, ஜெர்மனில், மரியாதையாக:
ஒலிவாங்கி எதுவும் கண்டறியப்படவில்லை.

கையில்தான் பிடித்திருக்கிறேன்.
கறுப்பு. பஞ்சுத் தொப்பி. அதில் என் பல் பட்ட வடு.
ஏழு வருடமாக எத்தனை பேருடைய நோயை
இதற்குள் சொல்லியிருப்பேன்.
இல்லையாம்.

பிடுங்கிச் செருகினேன்.
அணைத்துப் போட்டேன்.
ரயிலில் இருந்த மகன் எழுதினான்: டிரைவர்.
எந்த டிரைவர் என்று கேட்டேன்.
சுரங்கத்துக்குள் போய்விட்டான்.

ஒன்பது மணி.
தூண் நகர மருத்துவமனை, இரண்டாம் மாடி.
எனக்கு எல்லாம் கேட்கிறது:
நாற்காலி இழுபடுவது,
டாக்டர் ரூஃபெனாக்ட் செருமுவது,
விமலாம்பிகை என்ற பெயரை
நாலு துண்டாய் முறித்து வாசிப்பது.
தூணிலும் இருப்பான் துரும்பிலும் இருப்பான் என்பது
கடவுளுக்குச் சரி.
தூணில் எனக்கு வாய் இல்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
பிழைப்பே வாய்தானே எனக்கு,
நிமிடக் கணக்கில் வாடகைக்கு.

மொழிபெயர்ப்பாளர் வரவில்லைப் போல, என்றார் டாக்டர்.
வந்துவிட்டேன் என்று
இரண்டு மொழியிலும் கத்தினேன்.
மேல்வீட்டுக்காரி தரையில் தட்டினாள்.
அவளுக்குக் கேட்டிருக்கிறது.

பழைய பெட்டிக்குத் துளை இரண்டு,
பச்சை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று.
இதற்கு ஒன்றே ஒன்று.
இரண்டையும் சேர்க்க நான் வாங்கிய வயரை
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
முனையில் இரண்டு கறுப்பு வளையம்.
மூன்று இருக்க வேண்டும்.
நகக்கீறல் அளவு ஒரு கோடு,
அது இருந்தால் வாயும் காதும்,
இல்லாவிட்டால் காது மட்டும்.

மகனுடைய அறைக்கு ஓடினேன்.
அவன் சண்டை விளையாடுகிற ஹெட்செட்,
காதோரம் நீல விளக்கெரியும் பூதம்.
வளையம் எண்ணினேன். மூன்று. இன்னொரு முறை எண்ணினேன்.
செருக, கண்டறியப்பட்டது.
ஆனாலும் கோடு அசையவில்லை.

அமைப்புகள். அந்தரங்கம். ஒலிவாங்கி.
அனுமதி: இல்லை.

இந்த வார்த்தையை எத்தனை பேருக்குத்
தமிழாக்கிக் கொடுத்திருக்கிறேன்,
காகிதத்தைப் பார்த்தபடி,
முகத்தைப் பார்க்காமல்.
சின்னப் பொத்தான். விரலால் தள்ளினேன், ஆம் ஆனது.
இவ்வளவு சுலபமாய் ஓர் அனுமதி
இந்த நாட்டில் நான் கண்டதில்லை.

ஒன்பது பதினேழு.
மூச்சு விட்டதற்கே பச்சைக் கோடு துள்ளியது.
கேக்குதா? என்றேன்.

அங்கே விமலாம்பிகை கதைத்துக்கொண்டிருந்தாள்.
ஜெர்மனில்.
வேற்றுமை உருபெல்லாம் உதிர்ந்த ஜெர்மன்,
வினைச்சொல் இடம் கண்ட இடத்தில் குந்துகிற ஜெர்மன்.
இரவு. இங்கே. கத்தி இல்லை. கல்.
கல் நடக்குது. சோறு பிறகு நடக்குது.
டாக்டர் ம், ம் என்கிறார். பேனா ஓடுகிறது.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா," என்றாள் என்னிடம்,
"நான் சொல்லி முடிக்கிறன்."

சுட்டியை நகர்த்தி
என் வாயை நானே அடைத்தேன்.
ஒலிவாங்கிப் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு.
தலையில் பூதம் நீலமாய் எரிய
உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்:
"அக்கா, பித்தப்பைக்கு என்ன சொல்லு?"
திறந்தேன். "கல்லன்பிளாஸ."
"அட, அதுக்குள்ளயும் கல்லுத்தானே,"
சிரித்தாள். சிரித்தது வலித்திருக்க வேண்டும்,
பாதியில் நின்றது.

ஒன்பது நாற்பது.
படிவத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.
மொழிபெயர்த்த நேரம் என்று ஒரு கட்டம்.
ஒரு சொல்.
எத்தனை நிமிடம் என்று போடுவது?
மகன் எழுதுகிறான், எந்த ஊரிலிருந்தோ:
டிரைவர் சரியா?