வாயில் கணக்கு

பதின்மூன்றாம் வாரம்.
தேர்வு நெருங்கினால் எங்கள் நூலகம்
விடிய விடியத் திறந்திருக்கும்.
அப்படித் தீர்மானித்தவர்கள் அந்நேரம்
வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.
பணிப்பட்டியல் போடுகிறவள் நான்.

மஞ்சள் கட்டம் விடுப்பு.
நீலம் இரவு முறை.
சிவப்பு, ஆளே இல்லை.
ஹஸ்லிண்டாவுக்குச் செவ்வாயும் வியாழனும் ஆகாது,
அம்மாவுக்கு ரத்தச் சுத்திகரிப்பு.
வீ கியட் ஆகஸ்டில் போய்விட்டான்;
அவன் நாற்காலி
மனிதவளப் பிரிவில் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.
நளாயினி வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள்,
ஆகவே அவளுக்கு ஐந்து நீலம்.
அனுப்புமுன் ஒன்றை அழித்து
என் பெயரை இட்டேன்.
பெருந்தன்மை என்று யாரும் நினைக்கவேண்டாம்.
நளாயினி வேலையை விட்டால்
இன்னொரு சிவப்பு.

அந்த ஓர் இரவு வந்தேன்.
கிளமெண்டியில் கடைசி ரயில் போனபின்
பிள்ளைகள் வேறு ஆட்களாகிறார்கள்.
காலணியைக் கழற்றிவிட்டு
இரு நாற்காலி சேர்த்துக் கால் நீட்டுகிறார்கள்.
குளிரூட்டிக்குப் பயந்து ஒருத்தி
பட்டமளிப்பு அங்கி போர்த்தியிருக்கிறாள்,
யாருடையதோ.
ஆளில்லா மேசைகளை
டிஷ்யூ பொட்டலமும் கால்குலேட்டரும்
சோப் செய்து காவல் காக்கின்றன.
நான்காவது வரிசையில் ஒரு துணிக்கரடி.

அரை மணிக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால்
பொருளை அகற்றலாம்.
விதி எழுதியது நான்.
கரடியைத் தூக்கினேன், அடியில் ஒரு சீட்டு:
கழிப்பறைக்குத்தான் போயிருக்கிறேன்
தயவுசெய்து தயவுசெய்து.
தேதி நேற்றையது.
வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குமேல்
இரவுக்கு நாற்பது பேராவது உள்ளே வந்தால்தான்
அடுத்த ஆண்டும் இந்தச் சேவை.
நிதிக் கூட்டத்தில் அப்படித்தான் பேச்சு.
நாற்பத்திரண்டு, நாற்பத்தைந்து, நாற்பத்து மூன்று என்று
மூன்று ஆண்டாய்ப் பச்சைக் கம்பங்கள் நிறுத்தியவள்
அன்றுதான் முகப்பில் உட்கார்ந்து
வாயிலைப் பார்த்தேன்.

வாயிலுக்கு ஒரு கண் உண்டு, முகம் தெரியாது.
உள்ளே நுழைந்தால் ஒன்று கூட்டும்.
சியூ எங் வாளியோடு வெளியே போனார்,
தண்ணீரோடு வந்தார். ஒன்று.
போனார், வந்தார். இரண்டு.
ஏன் இந்த அலைச்சல் என்றேன்.
உள்ளே இருக்கும் குழாயை
நள்ளிரவில் பூட்டச் சொல்லி உத்தரவு, மேடம்.
யார் உத்தரவு என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

ஆறு மணிவரை காகிதத்தில் கோடு கிழித்தேன்.
மாணவர் இருபத்தாறு.
சியூ எங் பதினேழு.

இடையில் மூன்று பேர் முகப்புக்கு வந்து
ஆய்வுத் தகவல் தேடலில் பயிற்சிபெற்ற என்னிடம்
ஸ்டேப்ளர் கேட்டார்கள்.
நான்காமவன் ஒன்றும் கேட்கவில்லை,
கொஞ்ச நேரம் நின்றான்,
இங்கே யாராவது இருக்கிறார்களா என்று
பார்க்க வந்தேன் என்றான்.
அதற்கு எந்தக் கட்டமும் இல்லை.

படிவம் திறந்தேன்.
நாற்பத்து மூன்று தானாகவே விழுந்தது.
அந்தக் கட்டத்தை யாராலும் திருத்தமுடியாது;
குறிப்பு என்ற இடம் மட்டும்
இருநூறு எழுத்துக்குத் திறந்திருக்கிறது.

ஜூனில் ஹஸ்லிண்டா
இரவல் கணக்கில் இரு வரிசையை மாற்றிவிட்டாள்.
விவரங்களில் கவனம் தேவை என்று எழுதி
அவளுக்கு சி போட்டேன்.
யாராவது ஒருவர்
வளைவின் கீழே இருக்கவேண்டியிருந்தது.

காலை முறைக்கு அவள் வந்தாள்,
கையில் இரண்டு கோப்பி,
பால் இல்லாததை என் பக்கம் நகர்த்தினாள்.
இதைக் கொஞ்சம் சரிபார் என்றேன்.
திரையைப் பார்த்தாள்,
கோடு கிழித்த காகிதத்தைப் பார்த்தாள்.
எந்த எண்ணை, என்றாள்.

குறிப்பில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
சியூ எங் வாளியைக் கவிழ்த்துவிட்டு,
பையை மாட்டிக்கொண்டு
எங்களுக்குக் கையசைத்து வெளியேறினார்.

வெளியே போவதை
வாயில் எண்ணுவதில்லை.