ஒன்று மூன்று நான்கு இரண்டு

கந்தப்பளையில் தை மாதத்து நாலரை மணி.
லீக்ஸ் பாத்தியில் பனி
உப்புத் தூவினாற்போல் கிடக்கிறது.
சாவியைத் திருப்புகிறேன்.
லான்சர் முனகுகிறது,
நோயாளி போலல்ல,
பள்ளிக்குப் போக மனமில்லாத பொடியன் போல.

சோக்கை முழுசாய் இழுத்தாயிற்று.
இன்னொரு தரம்.
இன்னும் ஒரு தரம்.
ஐந்தாவது தரம் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது.
போதும். வயிறு முட்டக் குடித்துவிட்டது.
இனிக் கொடுத்தால் வாந்திதான்.

ஐந்தே காலுக்குச் சந்தியில் நிற்பார்கள்:
நுவரெலியா ஆசுபத்திரி நேர்சு மரியகொரட்டி,
மாக்கெட்டில் கணக்கெழுதும் இரண்டு பேர்.
ஆளுக்கு இருநூற்றைம்பது.
பற்றரிக்குப் பட்ட கடன்
அந்தக் காசில்தான் அடைகிறது.

பொனட்டைத் தூக்கினேன்.
கிழிந்த பனியன் துணி, பிளக் சாவி,
வாயில் கவ்விய போன் வெளிச்சம்.
ஒவ்வொன்றாய்க் கழற்றி
மட்கார்டின் மேல் வரிசை மாறாமல் அடுக்கி
நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டர் போல் பார்த்தேன்.
நாலும் கரி. நாலும் ஈரம்.
ஒரு நாக்காவது
தேயிலைச் சாயம் பிடித்த நிறத்தில் இருந்திருக்கலாம்.

பஞ்சிகாவத்தையிலிருந்து மரக்கறி லொறியில் வந்த
புதுப் பிளக்குகள் இருந்தன.
வண்டி ஓடும் நாளில் மாற்ற மனம் வரவில்லை,
வண்டி நின்ற நாளில் மாற்றுகிறேன்.
இடைவெளியை ஹெக்சோ பிளேட் துண்டால் அளந்தேன்.
உள்ளே போவதும் தெரியாமல்
வெளியே வருவதும் தெரியாமல்
லேசாய் உரச வேண்டும். உரசியது.
முதல் சுற்றுகளை விரலால்தான் முறுக்கினேன்.
விறைத்த விரலுக்கு மரை தெரியவில்லை,
ஊதி ஊதிச் சூடேற்றி முறுக்கினேன்.
வயர்களை மாட்டும்போது வாய் தானாய்ச் சொன்னது:
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.

சாவி.
அதே முனகல்.

அப்போதுதான் தவசீலன் வீட்டுக் கதவு திறந்தது.
ஐப்பசியில் அவர் பசு என் லீக்ஸ் நாற்றை மேய்ந்த நாள் முதல்
இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.
கம்பளித் தொப்பி, மடித்துக் கட்டிய சாரம்,
கையில் பெரிய டோர்ச்.
உள்ளே அவர் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது.
என் வண்டிதான் எழுப்பியிருக்கும்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
என்ஜின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தார்.
நானும் ஒன்றும் சொல்லாமல்
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன்.
எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.
கோளாறு மட்டும் தெரியவில்லை.

பிறகு சொன்னேன்,
மூன்று மாதத்தில் முதல் வாக்கியம்:
"டோர்ச்ச அணைச்சிட்டு
உள்ள ஏறி ஸ்டார்ட் அடிங்க."

இருட்டு.
முனகல்.
அந்த முனகலின் நடுவே
கொயிலிலிருந்து வரும் நடு வயரின் இடுப்பில்
நீலமாய் ஒரு நூல்
இரும்புக்குத் தாவியது, தாவியது, தாவியது.
வெடித்த ரப்பரில் பனி ஈரம்.
பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பு
பாதி வழியில் செலவாகிக்கொண்டிருந்தது.
வெளிச்சம் பிடித்திருந்தால் விடியும் வரை
பிளக்கையே திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

வயரை அடுப்படிக்குக் கொண்டுபோய்
ரொட்டி வேகும் கல்லுக்குப் பக்கத்தில் காயவைத்தேன்.
பிளக்குகளையும் திரும்பக் கழற்றி அதே சூட்டில் உலர்த்தினேன்.
வெடிப்பின் மேல் டேப், ஐந்து சுற்று.
மாட்டினேன். சோக்கைத் தொடவில்லை.
மிதியைத் தரையோடு அழுத்திச் சாவியைத் திருப்பினேன்.
முதலில் இரண்டு சிலிண்டர்,
பிறகு மூன்று,
கரும்புகை கக்கி
நாலாவதும் வந்து சேர்ந்தது.

ஐந்து பத்து.
தவசீலன் போய்ப் பால் டின்னைத் தூக்கிவந்து
டிக்கியைத் தட்டினார்.
"சந்தி வரைக்கும்."
டின்னில் அந்தப் பசுவின் பால்தான்.
வளைவுகளில் அது குலுங்கும் சத்தம் தவிர
வழியெல்லாம் பேச்சில்லை.

சந்தியில் இறங்கி
ஐம்பது ரூபாயை எண்ணி நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
நாற்றுக் கணக்கு வேறு.