நாற்பத்தொன்றாம் கூண்டு

மெரிபேங்கில் எண்ணெய் ஆலையின் வாடை
இன்னும் விழிக்காத ஐந்து மணிக்கு
டாக்ஸி பிடித்து டர்பன் வருகிறேன்,
எலிகளுக்குத் தீனி நிறுக்க.

இருபத்திரண்டு மாதக் கிழவிகள்.
"மனுஷக் கணக்கில் உங்கள் வயதுதான் பாக்கியம்" என்று
டாக்டர் படையாச்சி சொல்லிவிட்டு
நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒரு வாரம் குடிதண்ணீரில் மருந்து.
அப்புறம் பாதிக் கூண்டுக்குப் பன்றிக்கொழுப்பு பிசைந்த உருண்டை,
பாதிக்கு மீனெண்ணெய்.
நான் புழுக்கையைப் பொறுக்கி
குப்பியில் எண் எழுதி
உறைபெட்டியில் அடுக்குவேன்.
இதில் என்ன தேடுகிறீர்கள் என்றேன்.
"யார் யார் திரும்பி வந்தார்கள் என்று."

கேட்டோ மேனரில் வீடுகளை இடித்த பிறகு
முதலில் வந்தது களைதான்,
அதுவும் யாரையும் கேட்காமல், என்பாள் அக்கா.
வயிற்றிலும் அப்படித்தானாம்.

ஜூனில் எனக்குச் சிறுநீரகத்தில் காய்ச்சல்.
பதினான்கு நாள் மாத்திரை.
காய்ச்சல் போனது.
மூன்று மாதமாக
எந்தச் சாப்பாட்டை எப்போது கைவிடும் என்று தெரியாத
ஒரு வயிற்றோடு
பஸ்ஸிலும் டாக்ஸியிலும் உட்கார்ந்திருக்கிறேன்.
தேநீர் அறையில் நோகுதுலா
அமாசி ஒரு குவளை நீட்டினாள்.
நம் தயிருக்குப் பருத்த தங்கை.
குடித்தேன். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதை எதிலும் எழுதிவைக்கவில்லை.

இருபத்தோராம் நாள்
திரையில் வண்ணப் பட்டைகள்:
மீனெண்ணெய்க் கூண்டுகளில் பச்சை, ஊதா, மஞ்சள்.
நாற்பத்தொன்றில்
ஒரே சாம்பல் நிறம், ஒரு கோடு மட்டும் சிவப்பு.
"பன்னிரண்டு எலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது,
இளசுகளையும் பார்க்கவேண்டும்" என்றார் டாக்டர்.
சொல்லும்போது அவரும் சாம்பலைத்தான் பார்த்தார்.

நாற்பத்தொன்று
கொழுப்பு உருண்டையை இரண்டு கையாலும் பிடித்து
கண்ணை மூடித் தின்னும்.
வேறு எந்தக் கூண்டிலும் இத்தனை சந்தோஷம் இல்லை.

அன்று மாலை, எல்லோரும் போனபின்,
மீனெண்ணெய் உருண்டை ஒன்று என் கையுறைக்குள் இருந்தது.
கம்பிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் மீசை.
எவ்வளவு நேரம் நின்றேனோ.
பிறகு உருண்டையை
அதன் டப்பாவிலேயே போட்டு
எடையைச் சரிபார்த்துப் பூட்டினேன்.

வீட்டில் மோகாம்பரி ஆட்டுக்கறி வைத்திருந்தார்.
எண்ணெய் மிதக்காவிட்டால் அவருக்கு அது கறியே இல்லை.
கரண்டியைச் சாய்த்து
மேலே நின்ற சிவப்பை வழித்தேன்,
கிண்ணம் நிறைய.
எண்பது கிராம் இருக்கும், கைக்குத் தெரியும்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
கிண்ணத்தை எடுத்து
தட்டு போட்டு மூடி
ஃப்ரிட்ஜில் வைத்தார்,
நாளைக்கு வெண்டைக்காய் வதக்க.