லோக்கல்

ஸ்டான்லியில் தையல் போடும் அறை.
காசிமேட்டில் வின்ச்சுக் கம்பி கிழித்த உள்ளங்கை
சுற்றியிருந்த லுங்கித் துணியை நனைத்து
என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

தலை நிமிராமல் சொன்னாள் அந்தச் சின்ன டாக்டர்:
"இவருக்கு லோக்கல் போதும்."

கையை மறந்து எழுந்துவிட்டான் தேசப்பன்.
"யாரும்மா லோக்கலு?"

அவனைக் குறை சொல்ல முடியாது.
அண்ணாநகர் ஜவுளிக்கடையில் எனக்கு மூன்றாம் நாள்.
பொண்ணு தங்கம், பேச்சுதான் கொஞ்சம் லோக்கல்
என்றார் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டே.
அன்றிலிருந்து புடவை மடிக்கும்போதெல்லாம்
ஒவ்வொரு 'இட்டுனு'வையும் விழுங்கினேன்.
அந்த வேலைக்குப் போக நான் ஓடிப்பிடித்ததும்
கொருக்குப்பேட்டையில் ஆறு நாற்பது லோக்கல்தான்.
தாமதமாக வந்தாலொழிய
அதை யாரும் திட்டியதில்லை.

எண்ணூரில் ஒரு கம்பெனி வாசலில்
இதே தேசப்பன் அட்டையில் எழுதிப் பிடித்திருந்தான்:
நாங்க லோக்கல், வேலை எங்களுக்கு.
அன்று அந்தச் சொல்லுக்கு மீசை இருந்தது.
மூன்று நாள் வெயிலில் நின்றார்கள்.
லோக்கல் ஆளுங்க வேணாம், பிரச்சினை பண்ணுவாங்க
என்று உள்ளே பேசிக்கொண்டதை
டீ கொண்டுபோன பையன் வந்து சொன்னான்.

போன வாரம் சார்ஜர் கருகியது.
"லோக்கல்மா, தூக்கிப் போடு" என்றாள் மகள்.
நான் தூக்கிப் போட்டேன்.

டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.
"ஐயோ, உங்களைச் சொல்லலண்ணா.
ஊசி. அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்,
மத்த எல்லாம் முழிச்சிருக்கும்."

உட்கார்ந்தான்.
ஒன்பது தையல்.
அடுத்தவன் வலையை யாரோ பொத்துவதுபோல
தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷேர் ஆட்டோவில் கேட்டான்:
"முழுசா மயக்குனா அதுக்கு இன்னா பேரு?"
"ஜெனரல்."
"கம்பார்ட்மென்ட்டு மாதிரியா?"
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன்.
இட்டுனு, வந்துனு, போய்னு எல்லாம்
வாயிலிருந்து கொட்டியது அன்று.

தண்டையார்பேட்டை வேகத்தடையில்
வண்டி தூக்கிப் போட்டது.
அவன் பேசவில்லை.
மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.
மரத்த இடத்துக்கு
மெல்ல அதன் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது.